நெற்றியில் ஒரு சமிக்கி

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் எங்கள் வீட்டில் ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வளைகுடாவில், அல் குசைஸில் ஒரே அறைதான் வீடு. அதில் பாதியை அம்மாவின் தையல் மெஷின் பிடித்துக்கொள்ளும். கல்யாண ஜாக்கெட்டுகளுக்குச் சமிக்கி தைத்துக்கொண்டிருந்த அம்மாவைத் தேடி, அப்பா வண்டி ஓட்டும் கம்பெனி வழியாக ஓர் உக்ரைன் ஓவியர் வந்தார். அவர் நாட்டின் கிழக்கே அப்போதுதான் சண்டை மூண்டிருந்தது. பேப்பரிலும் டிவியிலும் வந்த சண்டைப் படங்களைத் துணியில் அச்சடித்து, இங்கே ஒரு கண்காட்சிக்காகக் கொண்டுவந்திருந்தார். ஓரங்களில் அவர் ஊர்ப் பூவேலையைச் சிவப்பிலும் கறுப்பிலும் தைக்க வேண்டும். படத்தின் மேல் ஊசியே படக்கூடாது. நான் மொழிபெயர்த்தேன், அம்மா தலையாட்டினாள்.

அந்த மாதம்தான் தோஹா தொழில்பேட்டையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், இறந்துபோயிருந்தார். பெட்டியாகத்தான் ஊருக்குப் போனார். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட் போயிருந்ததால் அம்மாவால் போக முடியவில்லை. போனில் வந்த பெட்டியின் படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பாள். பலகையைப் பெரிசாக்கினால் பலகைதானே தெரியும்.

ஓவியர் கொடுத்த கடைசித் துணியில், நடுரோட்டில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். கண்ணும் வாயும் திறந்திருந்தன. வேலை முடிந்து ஓவியர் வாங்க வந்த அன்று விரித்துப் பார்த்தால், அந்த மனிதரின் இமைகள் நூலால் மூடியிருந்தன. தாடையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. காசு வைக்க வேண்டிய நெற்றியில், ஜாக்கெட் வேலையில் மிஞ்சிய ஒரு தங்கச் சமிக்கி.

ஓவியரின் முகம் இறுகிவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டார். நான் அம்மாவைக் கேட்டேன்.

"கண்ண மூடிவிட ஒரு ஆளு இல்லாமப் போச்சேட்டி அந்தப் பாவிக்கு. பாத்துட்டு எப்படி அப்படியே விடச் சொல்லுத? இதை அவங்ககிட்ட சொல்லு."

இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு அலுப்பு. டிவியில் கார்ட்டூன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தெரியாமல் செய்துவிட்டாள், சாரி என்று முடித்துவிட்டேன்.

ஓவியர் நிதானமாகத்தான் பேசினார். செத்துக் கிடந்த அந்த மனிதரின் கண்ணை யாரும் மூடவில்லை, உலகமே இந்தப் படத்தைப் பார்த்தது, பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டது, அதனால் கண் திறந்தே இருக்கட்டும் என்றார். இன்று யோசித்தால் அதுவும் நியாயம்தான். நான் அம்மாவிடம் சொன்னதோ இவ்வளவுதான்: "எல்லாத்தையும் பிரிக்கணுமாம்."

அம்மா கத்தரியைத் தொட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆகவே நான்தான் பிரித்தேன். துணியில் ஓட்டை விழாமல், பெரிய கெட்டிக்காரியாட்டம். முதலில் கால், பிறகு தாடை, நெற்றி, கடைசியில் கண். ஓவியர் என் தலையைத் தடவி ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

தரையில் கிடந்த சமிக்கியை எடுத்து, எச்சில் தொட்டு, நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டேன். "எம்மா, நல்லாருக்கா?" என்று அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அந்தச் சமிக்கியைப் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள்.

அற்பச் சமிக்கிக்கு இந்தப் பாடா என்று, இரண்டு நாள் நான் அவளோடு பேசவே இல்லை.