நீலம் தங்கிய குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தஞ்சாவூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, அமைச்சர் வருகை. என் தங்கை அதே ஊரில் ஆராய்ச்சி மாணவி. களைக்கொல்லி நுரையீரலுக்குள் போய் என்ன செய்கிறது என்பது அவள் கேள்வி.

அது எங்கள் கிராமத்துத் தெருவில் பிறந்த கேள்வி. களை பறிக்கும் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்திக் கரையேறிய வருடம், பண்ணையார் களைக்கொல்லி மருந்து வாங்கினார். அவர்களில் ஒருவரான என் அம்மாவிடம், "இனிமே உங்க தயவு வேண்டாம்" என்றார். மருந்தடித்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அடைத்துக்கொண்ட தெளிப்பான் முனையை வாயால் உறிஞ்சி அடைப்பெடுக்கப் பார்த்தார். சில நாளில் மூச்சு முட்டி இறந்தார். எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கொடி பிடித்ததற்காகப் பண்ணை வேலையை இழந்த அப்பா, மன்னார்குடியில் டீக்கடை போட்டார். தங்கை பள்ளிவிட்டு வந்து டீ ஆற்றுவாள்.

நுரையீரல் திசு அந்த மருந்துக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. அப்போது மருந்து ஃப்ரீ ராடிக்கல் என்னும் நிலையற்ற துகளாகி நீல நிறம் பெறுகிறது. காற்றுப் பட்டால் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், நீலம் போய்விடும். அந்த ராடிக்கலை உறுதியாகக் கண்டுபிடிக்கும் கருவி சென்னையில் இருந்தது. குழாயில் நீலத்தைக் காட்டினால்தான் அங்கே போகக் கடிதம் தருவேன் என்றார் அவளுடைய பேராசிரியர். இல்லையென்றால் வேறு தலைப்பு.

அன்று நான் ஆய்வகத்தில் இருந்தேன். எலி நுரையீரலை அரைத்து எடுத்த கரைசலில் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை விரட்டினாள். பிறகு அதை மருந்து இருந்த குழாயில் ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கை தானாக உயர்ந்தது. முந்தைய நாட்களைப் போலவே நீலம் வரவில்லை.

"ஏம்மா, இங்க என்ன டீயா ஆத்துற?" என்றார் பேராசிரியர். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தங்கை குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே நுரை கட்டியிருந்தது.

"ஆமா சார், ஆத்திட்டேன்" என்றாள். "விரட்டின காத்த நானே திரும்ப உள்ள விட்டுட்டேன். இத்தனை நாளா இதையேதான் செஞ்சிருக்கேன் சார்."

சிரிப்பு நின்றது. அடுத்த முறை அவள் ஊற்றவே இல்லை. ஒரே குழாய், ரப்பர் மூடி, உள்ளே நைட்ரஜன். மருந்தை ஊசியால் மூடியைத் துளைத்துச் செலுத்தினாள். காத்திருந்தோம். அடியிலிருந்து இளநீலம் ஏறியது. தங்கியது. மூடியைத் திறந்து குலுக்கினாள், போய்விட்டது.

"கடிதம் எழுதித் தர்றேன்மா" என்றார் பேராசிரியர்.

சென்னையில் கருவியின் பேனா, ராடிக்கல் இருப்பதன் அடையாளமாக, காகிதத்தில் ஏறி இறங்கும் கூர்முனைகளை வரிசையாக வரைந்தது. வேகவைத்துச் செயலிழக்கச் செய்த திசுவை வைத்தபோது நேர்கோடுதான் வந்தது. அந்தக் காகிதங்களோடு அவள் நேராக அப்பாவின் டீக்கடைக்கு வந்தாள். மருந்தடித்து இறந்தவரின் மனைவி, எதிர்வீட்டு அத்தை, சந்தைக்கு வந்தவர் அங்கே இருந்தார். முனைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுவா அவரக் கொன்னுது?"

"இதுலதான் ஆரம்பிக்குது அத்தை. இப்ப ஆள் அகப்பட்டாச்சு."

அத்தை காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "நம்ம தெருப் பொண்ணு புடிச்சிருக்கு" என்று பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னார்.

அப்பா எல்லோருக்கும் டீ போட்டார். அன்று அவர் கை வழக்கத்தைவிட உயரமாகப் போனது.