நெய்க்கடைக் கல்லும் என் எடையும்

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் என் உடம்பில் சதை என்று ஒன்று ஒட்டவில்லை. எனக்கு அதில் வருத்தமே கிடையாது. வருத்தமெல்லாம் என் மாமியாருக்குத்தான். ராசிபுரத்தில் எங்களுக்கு நெய் வியாபாரம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு டின் டின்னாகப் போகும். நெய் விற்கிற வீட்டு மருமகள் முருங்கைக் குச்சி மாதிரி வாசலில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்று, நெய்யில் கலப்படம். இல்லையென்றால், மாமியார் அதைக் கண்ணில் காட்டுவதில்லை. அத்தையும் சளைக்காமல் சோற்றில் ஊற்றினார். நானும் சளைக்காமல் தின்றேன். அதெல்லாம் எங்கே போனதோ, எனக்கே தெரியாது.

நாமக்கல்லிலிருந்து வரும்போதெல்லாம் என் அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு, சுவரைப் பார்த்தபடி, "ஏஞ்சாமி, நேரத்துக்குச் சோறு திங்கறயா?" என்பாள். கேள்வி எனக்கு, குத்து அத்தைக்கு. அத்தையின் முகம் சுருங்கிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு அடிக்கடி வலது பக்க வயிறு வலித்தது. குடல்வால் வீங்கியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே எடை மெஷின் வராந்தாவிலேயே இருந்தது. நர்ஸ் ஏலம் விடுகிற மாதிரி ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொல்லி எழுதுவாள். முதல் தடவை காட்டப் போனபோதே அத்தை இதைக் கவனித்து வைத்திருக்கிறார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைச் சேர்த்தபோது அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அத்தை என்னைக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு துண்டு வந்தது. துண்டுக்குள் எங்கள் கடையின் இரும்பு எடைக்கற்கள்.

"எதுக்குங்க அத்தை இது?"

"உங்கம்மா பாக்கறாங்கல்ல? பேசாம நில்லு சாமி. வலி வலது பக்கந்தான? கல்லு இடது பக்கம் இருக்கட்டும்."

அந்த அக்கறைக்குக் குறைச்சலில்லை. சேலைக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி மெஷினில் ஏறினேன். நர்ஸ் எடையைக் கத்தினாள். அம்மா வாயைப் பிளந்தாள். அத்தைக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

மறுநாள் காலையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். கேஸ் ஷீட்டைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் கேஸ் ஷீட்டைப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு இவ்வளவு எடையா?"

"எடைக்கும் மயக்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அப்பா கேட்டார்.

"எடையை வெச்சுத்தான் மருந்துக் கணக்கே. குறைஞ்சா பாதியில முழிச்சுக்குவாங்க. கூடிப் போனா மூச்சு அடங்கிடும், இதயம் தாங்காது."

சொன்னால் இரண்டு வீட்டார் முன்னால் அத்தையின் மானம் போகும். சொல்லாவிட்டால் நானே போய்விடுவேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"டாக்டருங்க, அது புள்ளையோட எடை இல்லீங்க. எங்க கடைக் கல்லு. நாந்தான் கட்டி வுட்டேன். சம்பந்தி முன்னால மானம் போயிருமேன்னு பண்ணிப்போட்டனுங்க. அது போனாப் போகுது. புள்ளையக் கண்ணு முழிக்க வெச்சுக் குடுத்துருங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். மூன்று வருஷத்தில் அத்தை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்காக அழுகிறார் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கல்லுக்கும் சேத்து மருந்து குடுத்திருந்தா கல்லு தூங்காதும்மா, இந்தப் பொண்ணுதான் தூங்கும்," என்றார். என்னை மறுபடியும் மெஷினில் ஏற்றினார்கள். இந்தத் தடவை நர்ஸ் எடையை டாக்டர் காதோடு மட்டும் சொன்னாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க சம்பந்தி. இவ பொறந்ததுலருந்தே இப்படித்தானுங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நாலு பாவாடை கட்டி வுட்டுத்தான் உக்கார வெச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். வலது பக்கம் சுரீரென்று பிடித்தது.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டார். "அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சம்பந்தி. பூ வெச்சு வுட்டப்பக் கழுத்தெலும்பு கையில தட்டுப்பட்டுச்சு. பாவாடையப் பாத்தா கூட்டிக்கிட்டு வந்தேன்? எனக்குப் புள்ளையப் புடிச்சிருந்துச்சு."