கதவுப் பக்கத்து நாற்காலி

அந்தப் பதினொரு சுருக்கெழுத்து நோட்டுகளும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம். எல்லாமே அலுவலகக் கடிதங்கள்: சரக்கு வந்து சேரவில்லை, மாதிரி அனுப்பவும். இவற்றில் ஒன்றைக்கூட நான் டைப் அடித்ததில்லை. அதே கடிதங்கள் இன்னொருத்தியின் நோட்டில் இருந்தன, அடித்தவள் அவள். அவளை ஸ்டெனோ அக்கா என்போம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த மறுநாள், பம்பாயில் செம்பூரிலிருந்து போகும் ரயிலின் லேடீஸ் டப்பாவில், பெண்கள் பெட்டியில், அக்கா என்னிடம் சொன்னாள். முந்தைய வருடம் மானேஜர் டிக்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். கைக்கு எட்டிய பேப்பர்வெயிட்டை அவள் தரையில் போட்டு உடைத்த சத்தத்தில்தான் விட்டாராம். "வேலையை விட முடியாது. இனிமே நீ என்னோட உள்ளே வா. கதவுப் பக்கத்து நாற்காலி உன்னுது. வெறுமனே உக்காராதே, எழுது."

மானேஜர் முகம் சுளித்தார். "ஒரு லெட்டருக்கு ரெண்டு பேரா?"

"இவ புதுசு சார், பழகிக்கறா" என்றாள் அக்கா. அவர் ஓய்வு பெறும்வரை, நான்கு வருடம், நான் புதியவளாகவே இருந்தேன்.

பிறகு அவர் மாட்டுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவரானார். நன்கொடை, மாலை, மேடை. எண்பதுகளின் கடைசியில் மேலவை நியமனத்துக்கு அவர் பெயர் அடிபட்டது. அக்கா நடந்ததை எழுதி, முடிவெடுப்பவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். சாட்சி உண்டா என்று பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் நாங்கள் இருவரும் சாட்சிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, விஷயம் கசிந்து, சங்கச் செயலாளர் வந்தார். பெண்களிடம் பேசுவதற்காக மனைவியையும் கூட்டி வந்திருந்தார். முதல் கடிதம் தவறுதலாக எழுதப்பட்டது என்று அக்கா எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஏழு வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு, நல்லது வரப்போ கல்லெறியறேளே?"

"வாயைத் திறந்துண்டேதான் இருந்தேன் மாமா. புதுசா வந்த ஒவ்வொருத்திகிட்டயும் சொன்னேன். டப்பாவுல பாதிப் பேருக்குத் தெரியும். உங்க காதுல விழலேன்னா நான் சொல்லலேன்னு ஆயிடுமா?"

"ரயில் அரட்டையெல்லாம் சாட்சியா?"

நான் இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். "ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே கடிதம். எந்த ஆபீஸ்லயாவது இப்படிப் பார்த்திருக்கேளா? நாங்க ஏன் ரெண்டு பேரா போனோம்?"

அவர் புரட்டினார். "கோழி கிளறினாப்ல இருக்கு. இதை யார் படிக்கறது?"

"நான் படிப்பேன்" என்றாள் அவர் மனைவி, மாமி. கல்யாணத்துக்கு முன் மாமியும் அதே அலுவலகத்தில் ஸ்டெனோ. அது செயலாளருக்குத் தெரியும். மாமி ஒரு நோட்டில் விரலை ஓட்டி இரண்டு வரி படித்தாள். மற்றதிலும் அதே இரண்டு வரி. பிறகு மூடி வைத்தாள். "உங்க மானேஜர் அப்போ அஸிஸ்டென்ட் மானேஜர். எனக்குக் கதவுப் பக்கத்துல உக்கார யாரும் இருக்கலை."

செயலாளர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லலே?"

"இப்போ இவளைக் கேட்டேளே, அதே மாதிரி கேப்பேள்னுதான்."

மாமி என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

மானேஜருக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. காரணம் எவரும் அறிவிக்கவில்லை. சங்கத்தில் சிலர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. இன்றும் பெரிய பதவிக்கு ஒருவர் பெயர் வந்து, ஒரு பெண் வாய் திறந்தால், 'ஏன் இத்தனை தாமதம்' என்று எழுதுகிறார்கள். தங்களுக்குத் தெரியவந்த நாளைத்தான் அவள் சொன்ன நாள் என்று குறித்துக்கொள்கிறார்கள். நான் அப்படித் தேதி போடுவதில்லை.