இன்ஷிராஹ் வைத்த பவ்வாப்

தர்பூசணி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடியே விசைப்பலகையைத் தட்டுகிறாள் இன்ஷிராஹ். காலையில் ஷுப்ரா பேட்டை மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கைகள், மதியத்துக்குமேல் இந்தக் கிழட்டுக் கணினிக்கே சொந்தம். வீட்டிலிருக்கும் ஒரே மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தான் வியர்வையில் குளிப்பாள். "எனக்கு வேர்த்தா துடைச்சுக்குவேன். அது பாவம், என்ன பண்ணும்?"

கட்டடத்தில் நான்கு வீடுகளுக்கு ஒரே இணைய இணைப்பு. மாத டேட்டா அளவு இருபதாம் தேதிக்குள் காலி. பாதியை விளம்பரங்களே விழுங்கிவிடும். விடுவாளா இவள்? துக்குணி ப்ராக்ஸி நிரல் ஒன்றைக் கணினியில் ஏற்றினாள். இனி அந்த நான்கு வீடுகளில் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அதுதான் வெளியே போய் எடுத்து வரும். விளம்பரத்தை வாசலோடு விரட்டும். கட்டடத்துக் காவலாளி பவ்வாப் செய்வதும் இதைத்தானே! ரொட்டி வாங்கி வருவார், கண்டவனை "யார் வீட்டுக்கு?" என்று மடக்குவார். நிரலுக்கும் அந்தப் பெயரையே வைத்தாள்.

முதல் பக்கம் விளம்பரமில்லாமல் பளிச்சென்று திறந்ததும் தலைகால் புரியவில்லை. வெறுங்காலோடு படிக்கட்டுக்கு ஓடிக் கூவினாள்: "புது பவ்வாப் வந்தாச்சு! சம்பளம் கிடையாது, தூக்கம் கிடையாது!"

கீழே, பத்தொன்பது வருஷமாக வாசல் காக்கும் பவ்வாப் மெத்வல்லியின் காதிலும் அது விழுந்தது. இன்ஷிராஹ் இறங்கி வந்தபோது மனிதர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன குத்தம் செஞ்சேன்? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே தாயி."

"ஐயையோ மாமா, அது ஆளே இல்ல! வந்து பாருங்க."

மூட்டையும் கையுமாக அவரை ஐந்து மாடி இழுத்துப் போனாள். திரையில் நான்கு வீட்டாரும் திறந்த பக்கங்கள் வரிவரியாக ஓடின. பெருமை தாங்காமல் காட்டினாள்: "யார் எத்தனை மணிக்கு எங்க போனாங்கன்னு ஒண்ணு விடாம எழுதுது பாருங்க!"

மெத்வல்லி மூச்சிரைத்தபடி முகம் சுளித்தார். "மூணாம் மாடிக்காரர் எங்க போயிட்டு எப்ப வரார்னு எனக்கும் தெரியும். அவர் சம்சாரமே வந்து கேட்டப்பவும் நான் வாயத் தொறக்கல. பாத்ததை எழுதி வைக்குதா? இது பவ்வாப் இல்ல தாயி, கோள்மூட்டி!"

 இன்ஷிராஹ் உட்கார்ந்து அந்தக் குறிப்பு முழுவதையும் அழித்தாள்; இனி எழுதாதே என்று நிரலிலும் மாற்றினாள்.

"இப்ப?"

வெறுமையான திரையை அவர் குனிந்து பார்த்தார். "இப்ப இருக்கட்டும். ஆனா எனக்குக் கீழதான்." மூட்டையை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்தார்.

அவள் எழுந்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள்.