அக்காவின் குட்டி மாதிரி

அக்காவின் நாய்க்குட்டியைப் பார்த்த அன்றே எனக்கு வயிறு எரிந்துவிட்டது. என் குட்டியும் அவள் குட்டியும் ஒரே தாய்க்குப் பிறந்தவை, ஒரே நாளில் வாங்கிவந்தவை. இரண்டே மாதத்தில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், அக்கா வீட்டில், அவளுடையது எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தது. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் என்னுடையது முட்டையும் சோறும் தின்று சாதாரணமாக இருந்தது.

"பச்சைக் கறிதான்டி போடறேன். வேக வைக்கறதே இல்ல," என்றாள். எப்படி, எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளிடம் போய் யோசனை கேட்பதா? பள்ளிக்கூடத்தில் அவள் கையெழுத்தைக் காட்டி என்னைத் திட்டினார்கள். கல்யாணமான பிறகு அவள் வீட்டுக்காரரைக் காட்டி என் வீட்டுக்காரரை மட்டம் தட்டினார்கள். இப்போது நாயிலும் அவள்தான் முந்த வேண்டுமா? போதும்டா சாமி.

மறுநாளே கோழிக் கழுத்தும் ஈரலும் வாங்கிவந்தேன். முட்டைச் சோறு அன்றோடு நின்றது. குட்டி தட்டை நக்கி நக்கி ஹால் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கறி கிடையாது. அக்கா கல்யாணமாகிப் போனது கிறிஸ்தவக் குடும்பத்துக்கு, அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. விளக்கேற்றும் நாளில் பச்சைக் கறியைத் தொட எனக்குக் கை வராது. அதனால் அந்த இரண்டு நாளும் குட்டிக்கும் தயிர்சாதம். பாவம், அதன் வாயைக் கட்டிவிட்டோமே என்று புதனும் சனியும் கறியை இரண்டு பங்காகப் போட்டேன்.

இரண்டாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது. தண்ணீராகப் போனது. பிறகு வாந்தி. ஞாயிறு காலையில் ரத்தம் கலந்து வந்தது. எழுந்து நிற்கப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல், கார் வைத்திருக்கும் அக்காவுக்கே போன் செய்தேன்.

டாக்டர் குட்டியின் ஈறைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "சாப்பாட்டுல ஏதாவது புதுசா மாத்துனீங்களாம்மா?"

அக்கா பக்கத்திலேயே நின்றாள். "இல்ல டாக்டர். எப்பவும் போடற முட்டை சோறுதான்," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாப்பாடு காரணம் இல்லேன்னா, குட்டிங்களுக்கு வர்ற பார்வோ வைரஸா இருக்கலாம். டெஸ்ட் எடுக்கறேன். அதுவா இருந்தா பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

மேஜைமேல் கிடந்த குட்டி என்னைப் பார்த்து வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

"பச்சைக் கறி போட்டேன் டாக்டர்," என்று கத்தியேவிட்டேன். "ஒரே நாள்ல மாத்திட்டேன். செவ்வா வெள்ளி தயிர்சாதம், மறுநாள் டபுளா கறி. இவ குட்டி மாதிரி ஆகணும்னு. எனக்குப் பொறுக்கல, போதுமா?" அந்த 'போதுமா' அக்காவுக்கு.

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார். அக்கா சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நான் மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினேன்டி. அப்பவே அதுக்கு வயிறு கெட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அதைக் கேட்டு எனக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பார்வோ இல்லை என்று ரிசல்ட் வந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள், "கஞ்சித் தண்ணி குடுத்துப் பாருங்க," என்றார் டாக்டர். நான் கிண்ணத்தை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கெஞ்சினேன், கொஞ்சினேன், ஊஹூம். அக்கா உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனாள். சளக் சளக்கென்று குடித்தது.

அக்கா அழுதுவிட்டாள். நானும் அழுதேன். குட்டி பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். என் கையில் குடிக்கவில்லையே என்றுதான் நான் அழுதேன்.