சாவே இல்லாத எஸ்டேட்

கோத்தகிரிக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் யாரும் சாவதில்லை. சுகாதாரத்துக்கான கேடயம் வருஷா வருஷம் எங்களுக்குத்தான். ஆபீஸ் பியூனான நான்தான் அதைத் துடைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதில் காறித் துப்பத்தான் தோன்றும்.

கூலி ஜனங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே கக்கூஸ், கீழே குடிதண்ணீர்க் குழி. மழை பெய்தால் மேலே உள்ளதெல்லாம் கீழே வரும். ஜனங்கள் அதைத்தான் குடித்தார்கள், பேதி கண்டு கிடந்தார்கள். ஆள் தேறமாட்டான் என்று தெரிந்ததும் கம்பவுண்டர் கருணாகரன் லீவு கொடுத்து, சொந்த ஊருக்கென்று மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். உயிர் எஸ்டேட்டுக்கு வெளியே போனால் எஸ்டேட் கணக்கில் வராது. அட, குழியை இடம் மாற்றி வெட்டித் தொலைத்திருக்கலாம். அதற்கு ஒருவனுக்கும் மனசு வரவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷ ஐப்பசியில், கொழுந்து பறிக்கும் மருதாம்பாளின் புருஷன் பொன்ராஜுக்குப் பேதி கண்டது. குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வான் என்று அவள் ஜீப் கேட்டு வந்தாள்.

"அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம எஸ்டேட் பேரைத்தான் எழுதுவாங்க. லீவு தர்றேன், ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் கருணாகரன்.

"ஏனுங்க, அவரு பொறந்ததே இந்த லைன்லதானுங்க. எந்த ஊருக்குங்க போறது?"

"அப்பன் ஊரு இருக்குதல்ல, தர்மபுரிப் பக்கம்."

பொன்ராஜ் கண்ணால்கூடப் பார்த்திராத ஊர் அது. அங்கே அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க நாதி கிடையாது. கம்பளியில் சுருட்டி பஸ்ஸில் கிடத்தினார்கள். நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், வெற்றிலைக் கடை ஓரத்தில், அவள் மடியிலேயே அவன் உயிர் போயிற்று. முகம் தெரியாத நாலு பேர் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். மருதாம்பாள் தனியாக மலையேறி வந்து மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டாள்.

தை மாதம் கேடயம் கொடுக்கப் பெரிய அதிகாரி வந்தார். பெண்களை வரிசையாக உட்காரவைத்துப் பூந்தி கொடுத்தார்கள். இந்த வருஷமும் இங்கே ஒரு சாவுகூட இல்லை என்று அதிகாரி சொன்னதும் எஸ்டேட் மானேஜர் துரையே முதலில் கைதட்டினார். வெட்கங்கெட்ட கூட்டம், எல்லோரும் தட்டினார்கள்.

மருதாம்பாள் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க தொரை, ஒருத்தருமே சாகலைன்னு சொல்றாங்க. எம்பட ஊட்டுக்காரருக்கு லீவு முடிஞ்சு போச்சுங்க. வரச் சொல்லுங்க."