தாய்மாமன் மடி

தேவிப்ரியாவுக்கு வரன் பார்த்தார்கள் என்றால் அது பொய். பார்த்தது அவள் அண்ணன் சகாதேவனுக்கு. வேங்கிக்காலில் கவிநிலா என்ற பெண்ணைப் பிடித்துப்போய் ஒற்றைக்காலில் நின்றான். அந்த வீட்டார், "எங்க பொண்ணு உங்கூட்டுக்கு வரணும்னா உங்க பொண்ணு எங்கூட்டுக்கு வரணும்" என்றார்கள். அப்பா கீழ்பென்னாத்தூர் பலராமன், மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலேஜ் படித்துக்கொண்டிருந்தவளைக் கவிநிலாவின் அண்ணன் குமரேசனுக்குக் கட்டிவைத்தார். ஒரே மேடை, ஒரே பந்தி.

குமரேசன் நல்லவன், அதுதான் கொடுமை. விட்ட படிப்பைத் தபாலில் படிக்கவைத்தான். அபிநயா பிறந்தாள்.

அங்கே சகாதேவன் குடித்துவிட்டுக் கவிநிலாவை அடித்தான். உதட்டில் தையலோடு அவள் பிறந்த வீடு வந்து சேர்ந்தாள். அன்றே மாமியார் காசியம்மாள் தேவிப்ரியாவின் துணிமணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்தாள்.

"எம் பொண்ணு இங்க இருந்தா நீ உங்கூட்ல இரு. கொழந்த எங்கூட்டுது."

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இதுதான் சட்டம். அடித்தவன் ஒருவன், அடிபட்டவள் ஒருத்தி, தண்டனை மூன்றாவது ஆளுக்கு. குமரேசன் வாசலில் நின்று அழுதான். நல்லவர்கள் வேறென்ன செய்து கிழித்தார்கள்?

தேவிப்ரியாவின் விவாகரத்து முடிந்த கையோடு பலராமனுக்கு உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஆசை வந்தது. ஊரில் பாதிப் பேர் சக்கரபாணியின் சொந்தக்காரர்கள். அவர் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர், மனைவியை இழந்தவர். ஓட்டுக்காக மகளை அவருக்குக் கொடுத்தார். "பழைய கதைய இங்க இட்டுக்கினு வராத" என்பது ஒன்றுதான் மாப்பிள்ளையின் நிபந்தனை. பழைய கதை என்று அவர் சொன்னது அபிநயாவை. தேர்தலில் பலராமன் தோற்றார்.

அப்படித்தான் அவள் என் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எம் பொண்ணு என்னிய மறந்துடுமாக்கா?"

"பெத்தவள எந்தக் கொழந்தடி மறக்கும்?" என்று நானும் வாய் கூசாமல் சொல்வேன். அங்கே குழந்தையை வளர்ப்பது அத்தை கவிநிலா என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் அபிநயாவுக்குக் காது குத்தியே ஆகவேண்டும் என்றாள் காசியம்மாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை. வேறு வழியில்லாமல் சகாதேவனுக்கே ஆள் அனுப்பினார்கள். அவன் சீர்த்தட்டோடு வந்து காலில் விழுந்தான். குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தான். கவிநிலாவும் அவனோடு போகச் சம்மதித்துவிட்டாள். அந்தச் சட்டப்படி தேவிப்ரியாவும் வேங்கிக்காலுக்குத் திரும்பவேண்டும். இவள் கழுத்தில்தான் வேறு தாலி.

அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. இன்னொருவன் பெண்டாட்டியை எப்படி அழைப்பது என்றார்களாம். மாமன் இல்லாமல் நடக்காது, பெற்றவள் இல்லாமல் தாராளமாக நடக்கும்! நானே அவளை ஆட்டோவில் ஏற்றி அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தின் கடைசியில் நின்றோம்.

பட்டுப்பாவாடையில் அபிநயா மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி காதைப் பிடித்தார். ஊசி ஏறியதும் குழந்தை "அம்மா!" என்று வீறிட்டது.

தேவிப்ரியா என் கையை உதறிவிட்டு ஓடினாள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். யாரோ புதியவள் பிடுங்க வருவதுபோலக் குழந்தை மிரண்டு மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

சகாதேவன் தங்கையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அழாதடி கண்ணு, தோ உங்கம்மா" என்று சொல்லிக் கவிநிலாவிடம் தூக்கிக் கொடுத்தான். அபிநயா உடனே அழுகையை நிறுத்தினாள்.